சீவிய ஹெட், சுற்றாத கேம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஏறும் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஏற்றத்தில் என்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்கி, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை முறுக்கி, டைமிங் பெல்ட்டையும் மாட்டுவார்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஒருமுறை ‘டக்’ என்று அடித்துவிட்டு நின்றுவிடும். ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றினாலும் அசைவில்லை. கேம் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டிருக்கும்.

“கழட்டுற வரைக்கும் நல்லாத்தானே சுத்துச்சு” என்பார் வண்டிக்காரர். அவர் சொல்வது உண்மை. “நாங்க அடித்தளத்தத்தான் சீவினோம், கேம் பக்கமே போகல” என்பார்கள் பட்டறையில். அதுவும் உண்மை. இருவரும் பொய் சொல்லவில்லை என்றால் தண்டு ஏன் நின்றது? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் நெம்புகோலை எடுப்பவர்தான் ஒரு சிறிய பழுதைப் பெரிய செலவாக்குகிறார். மலையில் ஒரு வேன் நின்றால் அது வண்டிக்காரரின் வருமானத்தோடு முடிவதில்லை. பிரசவத்துக்குக் கீழே இறங்க வேண்டியவரும், மரவள்ளிக்கிழங்கு மூட்டையைச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவரும் அதே வேனைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பழுதை நிதானமாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேமின் வேலை எளிது. சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் கேம் கீழே, பிளாக்குக்குள் இருந்தது. நீளமான தள்ளுகம்பிகள் வழியாக மேலே இருக்கும் வால்வுகளை அசைக்கும். ஹெட்டை எத்தனை முறை கழற்றினாலும் கேம் தன் இடத்தில் அப்படியே கிடக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் என்ஜினில் ஹெட் அலுமினியம், கேமும் ஹெட்டிலேயே ஏறிவிட்டது. மறு ஆண்டு வந்த மாருதி வேனிலும், அதாவது பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டியிலும், அதே என்ஜின்தான். இன்றைய கார்களும் வேன்களும் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. இவற்றில் ஹெட்டுக்கு எது நேர்ந்தாலும் அது கேமுக்கும் நேர்ந்ததுதான்.

மேலே இருக்கும் இந்தத் தண்டு பெரும்பாலான என்ஜின்களில் தனி பேரிங் எதிலும் சுற்றுவதில்லை. ஹெட்டின் அலுமினியத்திலேயே கடைந்த துளைகளில் நேரடியாகச் சுற்றுகிறது. ஆம்னி என்ஜினில் முழுத் துளை, தண்டை ஒரு முனையிலிருந்து உள்ளே செருக வேண்டும். வேறு பல என்ஜின்களில் துளையின் கீழ்ப்பாதி ஹெட்டில் இருக்கும், மேல்பாதி தனித்தனி கேப்புகளில் இருக்கும். எந்த வகையானாலும் தண்டுக்கும் துளைக்கும் இடையே விடும் இடைவெளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்திலிருந்து ஒன்பது பங்கு வரை என்பது பல என்ஜின்களுக்குப் பொருந்தும் அளவு. அந்த இடைவெளியில் எண்ணெய் நிற்கிறது.

நிற்கிறது என்று சொல்வதுகூடப் போதாது, அது தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. இதை முதலில் கண்டவர் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1883-ல் ரயில் அச்சு பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்தபோது, எண்ணெய் ஊற்றுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலேறி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, அச்சின் மேல் ஏற்றியிருந்த சுமை தரும் சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே முள் போனது. சுழலும் தண்டு எண்ணெயைத் தானே குறுகலான பக்கம் இழுத்துச் சென்று அழுத்தத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்கான கணிதத்தை எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆக, நன்றாக ஓடும் என்ஜினில் கேமும் ஹெட்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொட்டுவிட்டால் அலுமினியம் தண்டில் ஒட்டி இழுபட ஆரம்பிக்கும். தேயும் இடத்தில் தண்டு சூடாகிப் பருக்கும். சுற்றியிருக்கும் பெரிய ஹெட்டோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இடைவெளி மேலும் குறையும், சூடு மேலும் ஏறும். எண்ணெய் இல்லாமல் ஸ்டார்ட் செய்த என்ஜின் சில நிமிடங்களிலேயே இப்படி இறுகிவிடலாம்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி வரை உயரம் கொண்டது. 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். “மலை மேல சீக்கிரம் கொதிக்கும், அதான் வண்டி சூடாச்சு” என்று சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதிதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 பார் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால், சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது, 900 மீட்டர் உயரத்தில் 117 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் அதே இடத்தில் 97-ல் கொதிக்கும். மலை பறித்தது ஓரிரு டிகிரிதான். பழைய மூடி பறித்தது இருபது டிகிரி. இதனோடு, ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்கு முன்காற்று கிடைக்காது, என்ஜினோ முழுச் சுமையில் உழைக்கும். கொதித்த இடத்தில் தண்ணீர் ஆவியாகிவிட்டால் உலோகத்தைக் குளிர்விக்க எதுவும் இல்லை.

அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. சூட்டில் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு நீளும். 40 சென்டிமீட்டர் நீள அலுமினிய ஹெட் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். அதன் கீழே இருக்கும் இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். வழக்கமான சூட்டுக்கு ஹெட் கேஸ்கெட்டின் மேல் சற்றே நகர இடம் கொடுத்துத்தான் என்ஜினை வடிவமைக்கிறார்கள். கொதித்துப்போன என்ஜினில் சூடு அந்த வரம்பைத் தாண்டும். போல்ட்டுகள் ஹெட்டைக் கீழே பிடித்து இழுக்கின்றன, உலோகம் நீளப் பார்க்கிறது, போக வழியில்லை, நடுப்பகுதி மேலே வளைகிறது. அந்தச் சூட்டில் அலுமினியம் தன் உறுதியையும் இழந்திருப்பதால் குளிர்ந்த பிறகும் வளைவு முழுவதும் திரும்புவதில்லை. ஹெட்டைக் கழற்றி அடித்தளத்தில் நேர்சட்டம் வைத்தால், நடுவில் ஃபீலர் கேஜ் நுழையும்.

பட்டறையில் அந்த அடித்தளத்தைச் சீவுகிறார்கள். அது கண்ணாடிபோல் சமமாகிவிடுகிறது. ஆனால் வளைந்தது ஹெட் முழுவதும். அடியில் சீவியதால் மேலே இருக்கும் கேம் துளைகளின் வரிசை நேராகிவிடாது. ஐந்து துளைகளில் நடுத்துளை மேலே, ஓரத்துளைகள் கீழே என்று அந்த வளைவு அப்படியே நிற்கும். ஒரு கதவின் மூன்று கீல்களில் நடுக்கீல் விலகியிருந்தால், ஒவ்வொரு கீலும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கதவு இறுகும். கேமும் அதேபோலத்தான். நடுத்துளை 0.15 மில்லிமீட்டர் தூக்கியிருக்க, இடைவெளி 0.07 மட்டுமே என்றால், நேரான தண்டு எந்த வழியிலும் அதில் உட்கார முடியாது. வளைந்தால்தான் உட்காரும். சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வளைய வேண்டும். அது முறியவோ துளையை அரிக்கவோ தொடங்கும்.

கழற்றும் முன்பு எப்படிச் சுற்றியது என்றால், அந்தத் தண்டும் துளைகளும் பல ஆண்டுகள் சேர்ந்து தேய்ந்து ஒத்துப்போனவை. வளைவு நேர்ந்தபோதும் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எண்ணெயும் வந்துகொண்டிருந்தது. கழற்றி, துடைத்து, கேப்புகளை மீண்டும் முழு இறுக்கத்தில் பொருத்தியபோது அந்தச் சலுகைகள் போய்விட்டன. இதனால்தான் நான் பட்டறைக்காரரையோ ஹெட்டை மாட்டியவரையோ முதலில் குறை சொல்வதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொதித்த ஹெட்டை அடித்தளம் மட்டும் பார்த்துச் சீவித் தருவது முழு வேலை ஆகாது. நேர்சட்டத்தை மேலே, கேம் துளைகளின் வரிசையிலும் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சரி, மாட்டியாகிவிட்டது, நின்றும்விட்டது. முதலில் செய்யக் கூடாத ஒன்று. வண்டியைத் தள்ளியோ, மேட்டிலிருந்து உருட்டியோ, கியரைப் போட்டு என்ஜினை விடுவிக்கப் பார்ப்பது. மலையில் சரிவு எங்கும் இருப்பதால் இந்த ஆசை எளிதில் வரும். ஒரு டன் எடை சரிவில் இறங்கும் வேகம் முழுவதும் டைமிங் பெல்ட்டின் சில பற்கள் மேல் விழும். பற்கள் அறுந்தால் கிராங்க் மட்டும் சுற்றும், கேம் நிற்கும், மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை இடிக்கும் என்ஜின்களும் உண்டு. அதுவரை கேமில் மட்டும் இருந்த சிக்கல் பிஸ்டன் வரைக்கும் இறங்கிவிடும்.

நின்றது கேம்தானா என்பதே முதல் கேள்வி. பெல்ட்டைக் கழற்றி இரண்டையும் பிரித்துவிட வேண்டும். கிராங்க் தனியே சுற்றுகிறதா? கேம் தனியே சுற்றுகிறதா? கேமைத் தொடும் முன் எந்தப் பிஸ்டனும் உச்சியில் இல்லாதபடி கிராங்கை வைக்க வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜினில் உச்சிக்குறியிலிருந்து 90 டிகிரி பின்னே கொண்டுவந்தால் நான்கும் பாதி வழியில் நிற்கும். மூன்று சிலிண்டரில் ஒன்றை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் மற்ற இரண்டும் போதுமான தூரம் கீழே இருக்கும். இப்படி வைத்தபின் கேம் தாராளமாகச் சுற்றினால் பழுது கேமில் இல்லை. டைமிங் குறி தவறி வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தடுத்திருந்தன. குறியைச் சரிபார்த்து மாட்ட வேண்டும், ஸ்டார்ட்டரால் அழுத்தியதில் வால்வு வளைந்திருக்கிறதா என்று கம்ப்ரஷனும் பார்க்க வேண்டும்.

கேம் அசையவில்லை என்றால் அடுத்தது. கேமுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள ராக்கர்களைத் தளர்த்தி வால்வு ஸ்பிரிங்குகளின் சுமையை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் இருக்கும்போது நல்ல கேம்கூட ஓரிடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் தானே துள்ளியும் சுற்றும். அது இயல்பு. ஸ்பிரிங் சுமை இல்லாதபோது எண்ணெய் தடவிய கேம் விரல்களாலேயே சுற்ற வேண்டும். இப்போது சுற்றினால் சிக்கல் வால்வுகளில் இருக்கிறது. வால்வு சீட்டை ஆழமாக வெட்டிவிட்டால் வால்வு உள்ளே அமிழ்ந்து அதன் காம்பு மேலே உயரும். டேப்பட் இடைவெளி இல்லாமல் போகும், வால்வு எப்போதும் திறந்தே நிற்கும்.

ராக்கரை எடுத்த பிறகும் அசையாவிட்டால் தண்டும் துளையும்தான் மிச்சம். இங்கேதான் பொறுமை பலன் தரும். கேப் வகை என்ஜினில் கேப் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கேப்பைத் தளர்த்தியதும் தண்டு விடுபட்டால் அந்தக் கேப்பில்தான் பிழை. கேப்புகள் ஹெட்டோடு சேர்த்து ஒரே கடைசலில் கடையப்பட்டவை. எண்ணும் அம்புக்குறியும் போட்டிருப்பது அதற்குத்தான். மூன்றாவதை நான்காவதில் மாட்டினாலோ, திருப்பி மாட்டினாலோ பார்வைக்கு எதுவும் தெரியாது, துளை மட்டும் வட்டமாக இருக்காது. கேப்பின் அடியில் சிக்கிய பழைய கேஸ்கெட் துணுக்கும், போல்ட் துளைக்குள் தேங்கிய எண்ணெயும்கூட இதையே செய்யும். எல்லாக் கேப்புகளும் தளர்ந்த பிறகுதான் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறது என்றால், சந்தேகம் வளைந்த வரிசையின் பக்கம் திரும்ப வேண்டும். கேப்புகளை முழுவதும் எடுத்த பிறகும் தண்டு அசையாமல் இருந்தால் அலுமினியம் அதில் ஒட்டிவிட்டது.

நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. மேஜையில் வைத்திருந்தபோது கேம் சுற்றியதா? இதற்கு மெக்கானிக்கிடம் பதில் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மேஜையில் சுற்றியது, பிளாக்கில் ஏற்றி முறுக்கியதும் நின்றது என்றால், ஹெட்டை வளைத்தது முறுக்கலே. பிளாக்கின் மேல்தளம் சமமாக இல்லை, அல்லது இடையில் குப்பை சிக்கியிருக்கிறது, அல்லது போல்ட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையில் நடுவிலிருந்து வெளியே படிப்படியாக முறுக்கவில்லை. மேஜையிலேயே சுற்றவில்லை என்றால் பிளாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வளைவு ஹெட்டிலேயே இருக்கிறது. சீவி வந்த ஹெட்டில் கேமை வைத்து ஒருமுறை, பிளாக்கில் முறுக்கிய பிறகு பெல்ட் மாட்டும் முன் மறுமுறை. இந்த இரண்டு சுற்றையும் பழக்கமாக்கிக்கொண்ட பட்டறையில் இந்தப் பழுது ஸ்டார்ட்டர் வரைக்கும் வராது.

தண்டை வெளியே எடுத்த பின், துளையில் உட்காரும் அதன் ஜர்னல்களிலும் துளைகளிலும் இருக்கும் தழும்புகள் நிறைய சொல்லும். நடுத்துளையில் ஒரு பக்கமும், ஓரத்துளைகளில் அதற்கு எதிர்ப்பக்கமும் உரசியிருந்தால் ஹெட் வளைந்தது உறுதி. ஒன்றில் மட்டும் உரசல் என்றால் கேப்போ குப்பையோ. எல்லாமும் ஒன்றுபோல் கருத்து, நீலம் பாரித்து, அலுமினியம் பூசினாற்போல் இருந்தால் எண்ணெய் வரவில்லை. அப்போது துளைகளை விட்டுவிட்டு எண்ணெய் வழியைத் தேட வேண்டும். ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் வாய் மிகச் சிறியது. கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டிருந்தால் அந்த வாய் மூடியிருக்கும். கேஸ்கெட்டுக்குத் துணையாக அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட் பிதுங்கி உள்ளே போய் அடைத்திருக்கும். கேஸ்கெட்டை பிளாக்கின் மேல் வைத்து ஒவ்வொரு துளையாகக் கண்ணால் ஒப்பிடுவதும், ஹெட்டின் எண்ணெய் வழியில் கம்ப்ரஸர் காற்றை ஊதி ஒவ்வொரு ஜர்னலிலும் வெளிவருகிறதா என்று பார்ப்பதும் போதும்.

வளைந்த ஹெட்டுக்குத் தீர்வு உண்டு, ஆனால் எமரித்தாளால் துளையைத் தேய்த்து இடம் உண்டாக்குவது தீர்வு அல்ல. இடைவெளி பெருத்தால் எண்ணெய் அழுத்தம் நிற்காது. டவரின் சோதனையில் கட்டையைத் தள்ளிய அந்த விசை பிறக்கவே பிறக்காது. சரியான முறை, சீவுவதற்கு முன்பே ஹெட்டை நிமிர்த்துவது. கனமான எஃகுப் பலகையில் ஹெட்டை வைத்து, ஓரங்களில் மெல்லிய தகடு கொடுத்து, நடுவைப் போல்ட்டால் இழுத்துப் பிடித்து, அடுப்பில் 200 டிகிரிக்கு மேல் பல மணிநேரம் வைத்து மெல்ல ஆறவிடுவார்கள். அதன் பிறகும் மிச்சமிருக்கும் பிசகைச் சரிசெய்ய, கேம் துளைகளை ஒரே கம்பியில் வரிசையாகக் கடையலாம். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் நல்ல நிலையில் உள்ள வேறு ஹெட் வாங்குவதே கடைசியில் மலிவு. ஏற்கெனவே ஒருமுறை சீவிய ஹெட்டாக இருந்தால் தயங்காமல் இதைச் செய்யலாம். டீசல் வண்டிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: டீசல் என்ஜினில் உச்சியில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடம் மிகக் குறைவு. சில என்ஜின்களின் ஹெட்டைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளர் கையேட்டிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல் பட்டறைக்கு அனுப்பக் கூடாது.

எல்லாம் சரியாகி மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட். எண்ணெய் பம்ப் கீழே இருக்கிறது, கேமோ என்ஜினின் உச்சியில். கழற்றிக் கிடந்த நாட்களில் வழிகளில் இருந்த எண்ணெயெல்லாம் வடிந்து போயிருக்கும். அதனால் மாட்டும்போதே ஜர்னல்களிலும் கேம் முகங்களிலும் கெட்டியான எண்ணெயைத் தாராளமாகப் பூச வேண்டும். பிறகு பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பற்றவைப்பையும் பெட்ரோல் வரவையும் நிறுத்திவிட வேண்டும். டீசல் என்றால் எரிபொருளை நிறுத்தினால் போதும். மேல்மூடியைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். பம்புக்கு மிகத் தொலைவில் இருக்கும் கடைசி ஜர்னலின் ஓரத்திலிருந்தும் எண்ணெய் வழிந்த பிறகு மூடியைப் போட்டு, பிளக்கை மாட்டி, என்ஜினை ஓடவிடலாம். அந்தக் கடைசி ஜர்னலில் எண்ணெய் வரவில்லை என்றால் சாவியைத் தொடக் கூடாது, ஹெட்டை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.